காருக்குப் பாலாலயம்

பழைய காரை நான் பின்பக்கம் நின்றுதான் பார்ப்பேன். முன்பக்கத்தில் ஏமாற்று வேலை ஜாஸ்தி. ஒரு காரின் மூஞ்சியைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டியிருப்பார்கள். பல் வரிசை மாதிரி இருக்கிற கம்பியை வேறு எதிலிருந்தோ எடுத்து வந்து முடுக்கியிருப்பார்கள். பின்விளக்கையும் டிக்கி மூடியின் வளைவையும் மாற்ற யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. கறவை மாடு வாங்கப் போகிறவர்களும் பின்னால் போய்த்தான் குனிந்து பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிறந்த வீட்டிலிருந்து வந்தது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் தூரத்தில் ஒரு அமெரிக்கக் கார் நின்றால் அது எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லிவிடுவேன். திருவண்ணாமலையில் இது தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். ஆண்பிள்ளைகளில் ரெண்டு பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருத்தர் என் வீட்டுக்காரர். அவருக்கும் பாதி நான் சொல்லிக் கொடுத்தது.

கம்பெனி பெயரை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால், அதே கம்பெனி கார் வைத்திருக்கிறவர்கள் போன் போட்டு, அந்தக் கதவுக் கைப்பிடி அந்த வருஷத்துது இல்லையே என்று ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டும்.

என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனம் ரோட்டில் லேத் பட்டறை. மெட்ராஸ்காரர் ஒருத்தர், தன் பழைய காருக்கு எங்கேயும் கிடைக்காத ஒரு புஷ் வளையத்தைக் கடைந்து தரச் சொல்லி வந்தார். கடைந்து கொடுத்தவருக்கு அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கொஞ்ச நாளில் ஒரு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். நான் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அழுக்குப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனேன். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து நிக்கல் மின்னிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்படி ரெண்டு கார் செய்து முடித்தோம். ரெண்டின் ஆர்.சி. புத்தகமும் அவர் பேரில். மூன்றாவது என் பேரில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"பேர்ல என்னா இருக்குது? ஒரே ஷெட்லதான நிக்கப் போவுது?" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னா என் பேர்லயே இருக்கட்டுமே."

"ஓட்டப் போறது நானு."

"தேர இழுக்கறவன் பேர்லயா தேர் இருக்குது?"

நான் அதோடு விட்டிருக்கலாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு நிற்கிறவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். என் பேரில் ஒரு கார் வரப்போகிறது, அதுவும் அமெரிக்கக் கார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற நிலைமை அப்படித்தான் வந்தது.

கீழ்பென்னாத்தூருக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில் மாட்டுக் கொட்டகையில் ஒரு கார் கிடக்கிறது என்று தகவல் வந்தது. போனோம். உரக்கடை வைத்திருக்கிற அந்த வீட்டு மகன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். கார் இருந்தது. அதற்குள் கோழிகள் இருந்தன. ஒரு கோழி ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, நாங்கள் வழிமறித்த மாதிரி முறைத்தது. நான் நேராகப் பின்னால் போனேன்.

"ஆன்ட்டி, முன்னாடி வந்து பாருங்க. வெள்ளக்காரன் வண்டி, இங்கிலாந்து" என்றான்.

"தம்பி, இது அமெரிக்கா."

"எப்பிடி சொல்றீங்க?"

"டிக்கில நாலு மூட்ட மல்லாக்கொட்ட வச்சி மூடியும் இருக்கீங்க. இங்கிலாந்துக்காரன் இவ்ளோ எடம் வுட மாட்டான்."

விளக்கின் குழிவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருஷத்தையும் சொன்னேன். வீட்டுக்காரர் அதற்கு அடுத்த வருஷம் என்றார். அவன் உள்ளே போய் அவன் தாத்தா காலத்துப் புத்தகத்தை எடுத்து வந்தான். ஓரம் பூச்சி தின்றிருந்தது, எழுத்து நன்றாக இருந்தது. நான் சொன்ன வருஷம். வீட்டுக்காரர் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரியில் ஏற்றி வந்தபிறகு பத்து மாசம் வேலை. கோழி எச்சம் மேல்கூரை பெயிண்டைத் தின்று தகரத்தைச் சல்லடையாக்கியிருந்தது. பின் சீட்டுக்குள் எலி குடித்தனம். ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நான் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் பட்டறையிலேயே நடந்தது. செங்கம் ரோட்டுப் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்கள் ரெண்டு பேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து போட்டோ எடுத்தார்கள். ஒருத்தர் அமெரிக்காக்காரர். அவர் தாத்தா வீட்டில் இதே கார் இருந்ததாம். "அவங்க வச்சிருந்தது எந்த வருஷத்து வண்டின்னு கேளுங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

வேலை முடிகிற நேரத்தில்தான் வீட்டுக்காரர் முன்கதவைத் திறந்து, கதவு மூடுகிற தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். நாலு மூலைக்கு நாலு ஓட்டை இருந்தது. தகடு இல்லை.

அந்தக் கம்பெனி வண்டி நம்பரை அந்த ஒரு பித்தளைத் தகட்டில்தான் அடிக்கும். இன்ஜின் நம்பர் உதவாது, எந்தக் காலத்திலோ டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். பேர் மாற்ற வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அந்த நம்பர்மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து, விழுகிற அச்சைப் புத்தகத்து நம்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். போய்க் கேட்டோம். "தகடு இல்லாம நான் எதம்மா தேய்க்கறது? இந்த மாசத்துக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா பேர் மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. தண்ணீர் லாரிக்கு நிற்கிற பெண்கள்மேலும் தப்பில்லை. ஆனாலும் அவர்கள் தினமும் கேட்டார்கள்: "கார் உங்க பேருக்கு வந்துட்ச்சா?"

உரக்கடைக்காரனுக்குப் போன் போட்டோம்.

"நாலு மூலைலயும் ஓட்ட இருக்குமே, அந்தத் தகடா?" என்றான். அப்புறம், "அது எங்க அம்மா கிட்ட இருக்குது. நீங்களே வந்து கேட்டுக்கோங்க. நான் கேக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டான்.

போனோம். அந்த அம்மாளுக்கு என் வயசுதான் இருக்கும்.

"வாங்கக்கா" என்றாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன் நான்.

"எனக்கு என்னாக்கா, உங்களுக்குத்தான் முட்டி வலி போல இருக்குது."

அப்படி நாலு சுற்று, யார் அக்கா என்று முடிவாகாமலே பூஜை அறைக்குப் போனோம். நடுவில், குத்துவிளக்குக்கும் முருகர் படத்துக்கும் இடையில், பூ சாத்தி, மஞ்சள் தடவி, குங்குமம் அப்பி, எங்கள் காரின் தகடு உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். ஒரு மழைக்காலத்தில் முட்டை எடுக்கப் போனவள் கையில் அது கழன்று வந்திருக்கிறது. நாலு மூலையில் ஓட்டை, சுற்றிலும் கோடு, உள்ளே எழுத்து, எண். சாமி பீடத்துக்கு அடியில் வைக்கிற யந்திரத் தகடு அப்படித்தானே இருக்கும்? மாமனார் காரை ஓட்டி ஒரு விபத்து இல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று எடுத்துவந்து கழுவி வைத்துவிட்டாள். அந்த வருஷம் போர் போட்டதில் தண்ணீர் வந்திருக்கிறது. அதற்கு முன் மூணு இடத்தில் புகைதான் வந்ததாம். அதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்து பூஜை. மகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். அதுதான் மந்திரம். எங்களுக்கும் சொல்லிக் காட்டினாள். கண்ணை மூடி, கையைக் குவித்து:

"ஓம் பீ, ஒன், ஃபைவ், டூ, செவன், செவன், ஜீரோ, ஃபோர் நமஹ."

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பூஜை நடக்கிற இடத்தில் சரிபார்க்கக் கூடாது.

"அக்கா, இது கார் நம்பரு" என்றேன்.

"சாமிக்கு நம்பர் இருக்கக் கூடாதா? எல்லா யந்திரத்துலயும் எண்ணுதான இருக்குது?"

"இது கம்பெனிக்காரன் அடிச்சது."

"யாரோ ஒருத்தன் அடிச்சாத்தான தகடு. தானா மொளைக்குமா?"

"இது இல்லன்னா வண்டி என் பேருக்கு வராதுக்கா."

"இது போனா என் போர்ல தண்ணி நின்னுடும்க்கா. உங்க பேரு பெருசா, என் நெல்லு பெருசா?"

பேச்சில் என்னை மடக்கியவர்கள் கம்மி. கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வீட்டுக்காரர்தான், "வுடு. லேத்துல நானே ஒண்ணு அடிச்சிடறேன். அச்சு அசலா இருக்கும்" என்றார்.

"என் பேர்ல வர்ற வண்டிக்கு டூப்ளிகேட்டா? நீங்க உங்க பேர்ல இருக்கற வண்டிக்கு அடிச்சிக்கோங்க."

மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அப்போது அங்கே திருப்பணி நடந்துகொண்டிருந்தது. காலையில் கும்பிடப் போனால் கருவறை பூட்டியிருக்கும். பிள்ளையாரின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, கலசத்திலிருந்து ஒரு பலகைப் படத்துக்கு மாற்றி, பக்கத்துக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். பாலாலயம் என்பார்கள். கருவறையில் கொத்தனார் வேலை செய்யலாம். சாமி பலகையில் இருப்பார். நான் அந்தப் பலகைக்குத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து குருக்களிடம் போனேன். பாதித் தோப்புக்கரணத்தைப் பிள்ளையார் பொறுத்துக்கொண்டார்.

"சாமி, கல்லுல இருந்து எறக்கலாம்னா தகட்டுல இருந்து எறக்கலாமா?"

"எந்தக் கோயில் தகடும்மா?"

"கார் தகடு."

குருக்கள் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார். முழுக்கதையையும் கேட்டார். "நான் எத்தனையோ காருக்குப் பூஜ போட்டிருக்கேன். எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கேன். காருக்கு யாரும் பாலாலயம் பண்ணினதில்ல" என்றார்.

"நீங்க பண்ணுங்க, அப்பறம் எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க."

"உள்ள சக்தி இருக்கான்னே தெரியலயேம்மா?"

"இருந்தா எறங்கட்டும். இல்லன்னா நமக்கு வேல கம்மி."

இதை அந்த அம்மாளிடம் சொல்ல மறுபடி கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன், இந்த முறை தனியாக. அவள் வாயைத் திறக்குமுன் நான் முடித்துவிட்டேன். பெரிய பெரிய கோயிலிலேயே சாமி இடம் மாறுகிறது, அதற்காக மழை நிற்கிறதா? புதுச் செப்புத் தகடு வாங்கித் தருகிறேன், சக்தி அதற்கு வந்துவிடும், வெறும் பித்தளை மட்டும் எனக்குப் போதும்.

அவள் தகட்டில் சரிந்திருந்த பூவை எடுத்து நேராக வைத்தாள். "புதுத் தகட்டுலயும் இதே மந்திரம் இருக்கணும். ஒரு எழுத்து மாறக் கூடாது. வெள்ளிக்கெழமதான் எடுக்கணும். அந்த இன்ஸ்பெக்டரு எப்பிடி தேய்க்கறாருன்னு நான் வந்து பாப்பேன்."

"வாங்கக்கா."

"நீங்கதான் அக்கா."

திருவண்ணாமலைப் பாத்திரக்கடையில், சீர் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் செப்புத் தகட்டையும் நம்பர் எழுதிய சீட்டையும் கொடுத்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணு பேரு எங்கம்மா? போலீஸ் ஸ்டேஷனுக்கா சீர் பண்றீங்க?" என்றார். வெட்டுங்கள், கோணாமல் வெட்டுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டில் கலசம் வைத்து, மாவிலை கட்டி, குருக்கள் உட்கார்ந்தார். பாதியில் நிறுத்தி, "மூர்த்தி பேரு என்னான்னு சொல்லணுமே?" என்றார். எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். என் வீட்டுக்காரர் யோசிக்காமல் கார் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டார். குருக்களும் பெரிய ஆள்தான். ஒரு மூச்சு விட்டு, அந்தப் பெயருக்குப் பின்னால் 'ஈஸ்வரன்' என்று சேர்த்து மந்திரத்தில் ஓட்டிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உரக்கடைக்காரன் மட்டும் கொல்லைப்பக்கம் ஓடிப்போய், சிரித்து முடித்துவிட்டு வந்தான்.

அவள் தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். நான் முந்தானையில் வாங்கினேன். "இன்ஸ்பெக்டர் பாக்கற வரைக்கும் குங்குமத்தக் கலைக்காதீங்க" என்றாள். கலைக்கவில்லை. மஞ்சளும் குங்குமமும் அப்பிய மேனிக்கே வீட்டுக்காரர் அதைத் தூணில் வைத்து ரிவெட் அடித்தார்.

மாசக் கடைசி நாள் ஆபீஸ் மைதானத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். லைசென்சுக்கு எட்டுப் போட வந்தவர்கள் எட்டை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். அவளும் மகனோடு வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார்.

"சார், செருப்பு" என்றாள் அவள்.

"என்னாம்மா?"

"செருப்பக் கழட்டிட்டு தொடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றினார். ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தார், குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"பீ, ஒண்ணு, அஞ்சு, ரெண்டு, ஏழு. அதுக்கப்பறம் எங்க?"

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமைப் புளி! குங்குமம் வைக்கிற மூலை என்று அங்கேதான் அழுத்தித் தேய்த்திருக்கிறாள்.

"சாமிய சுத்தமா வச்சிக்க வேணாமா?" என்றாள், யாரும் கேட்காமலே.

"நம்பரயே சுத்தம் பண்ணிட்டீங்களேம்மா. மூணு எழுத்து இல்ல. இது புத்தகத்துல இருக்கற வண்டிதான்னு நான் எப்பிடி எழுதறது?" இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

தெரு முழுக்கக் குடத்தோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. லேத்தில் அடித்திருக்கலாம் என்று சொல்லவும் இல்லை. அதற்காக அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அவள்தான் முன்னால் வந்தாள். கண்ணை மூடினாள். "ஓம் பீ, ஒன், ஃபைவ், டூ, செவன், செவன், ஜீரோ, ஃபோர் நமஹ."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அதில் எட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க." சொன்னாள். "இந்தப் புத்தகத்தப் பாத்து படிச்சீங்களா?" "எனக்குப் படிக்கத் தெரியாது சார்." பரீட்சை வைக்கிறவர் மாதிரி மூன்றாம் முறையும் கேட்டார். எட்டுப் போட வந்தவர்களும் கூடவே சொன்னார்கள்.

"சரியாத்தான் இருக்குது. ஆனா வாயால சொன்னத நான் பென்சில்ல எடுக்க முடியாதேம்மா. தகட்டுல தெரியணும்."

இப்போது என் முறை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்தேன். நிக்கல் எழுத்து மங்கிப்போனால் மாவைத் தடவிப் பார்ப்பது எங்கள் தொழிலில் உண்டு. மாவு இல்லை, விபூதி இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து அந்த வழவழப்பில் வைத்து, விரலால் தேய்த்து, மெல்ல ஊதினேன். முதலில் ஒன்றுமில்லை. காரைக் கொஞ்சம் திருப்பி வெயில் சாய்ந்து விழும்படி நிறுத்தச் சொன்னேன். மறுபடி ஒரு சிட்டிகை. மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வந்தது, கோணலாக. அப்புறம் ஒரு வட்டம்.

"ஏழு" என்றார் இன்ஸ்பெக்டர். "சைபர்."

"அப்பறம் ஃபோர்" என்றாள் அவள், பார்க்காமலே.

நாலு இருந்தது, பாதிக்கால் இல்லாமல். அவர் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். சாதாரணமாக ரெண்டு நிமிஷ வேலை. கால்மணி நேரம் எடுத்தார். கடைசியில் அச்சு விழுந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், எழுதினார். போகும்போது ஷூவைப் போட்டுக்கொண்டே தகட்டைப் பார்த்து ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அது கும்பிட்டதா, வேர்வை துடைத்ததா என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்றைக்கும் ஒத்துவரவில்லை.

எல்லாரும் அவளைத்தான் பாராட்டினார்கள். எட்டுப் போட வந்த ஒருத்தன் அவள் காலில் விழப் போனான். விபூதியைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சரி, போகட்டும் என்று கவுண்டருக்குப் போனேன். உள்ளே இருந்த குமாஸ்தா என் நரைமுடியையும் சுருக்குப் பையையும் பார்த்தார். கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

நான் அதை மூடித் திருப்பித் தள்ளினேன். "பேனா" என்றேன்.

கொடுத்தார். என் பெயருக்கு ஏழு எழுத்து. முன்னால் அப்பா பேருக்கு ஒரு எழுத்து. எனக்கு எழுத நேரமாகும், அவசரப்பட்டால் சாய்ந்துவிடும். பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள்.

"அக்கா, சீக்கிரம் போடுங்க. எங்க பஸ்ஸு போயிடும்" என்றாள் அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"பஸ்ஸு எதுக்கு? வெளிய என் கார் நிக்குது. சும்மா இருங்க" என்றேன். பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் அடுத்த எழுத்துக்குப் போனேன்.